மண் போடாத குடுவையில் நீலம்

மண் பரிசோதனைக்கூடத்து ஆய்வாளருடைய சகலை வெறுங்காலோடு ஒரு வயலில் நின்றால், அந்த மண்ணுக்கு என்ன குறையோ அது கால் மணி நேரத்தில் அவர் உடம்பில் தெரிந்துவிடும். மணிச்சத்து குறைந்த மண் என்றால் கைகால் நகங்கள் ஊதாவாகும். சாம்பல்சத்து குறைந்திருந்தால் காது மடல்களின் ஓரம் பழுப்பேறி, நெருப்பில் காட்டிய காகிதம் போலச் சுருளும். தழைச்சத்து இல்லாத மண்ணில் பாதத்திலிருந்து மஞ்சள் ஏற ஆரம்பித்து முழங்காலில் வந்து நிற்கும். துத்தநாகம் போதாதென்றால் முன்கையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள். செருப்பை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வலி கிடையாது, கொஞ்சம் பசிக்கும், அவ்வளவுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இது தெரியவந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அதுவரை தெரியாமல் போனதற்கும் காரணம் இருந்தது. அவர் செருப்புக்கடைக்காரர். மூன்று தலைமுறையாகச் செருப்புக்கடை. அந்த வீட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே காலில் எதையாவது மாட்டிவிடுவார்கள். கடைக்காரன் பிள்ளையே வெறுங்காலோடு திரிந்தால் வாங்க வருகிறவன் என்ன நினைப்பான்?

ஆய்வாளர் அக்காவைக் கட்டியவர், செருப்புக்கடைக்காரர் தங்கையைக் கட்டியவர். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத தராசு ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கும். யாருக்கு முதலில் நாற்காலி போட்டார்கள், யாரிடம் முதலில் யோசனை கேட்டார்கள் என்று அது ஓயாமல் ஆடும். பதினாறு வருஷமாக அந்தத் தராசு ஆய்வாளர் பக்கமே தாழ்ந்திருந்தது. அவர் படித்தவர். விவசாயிகள் சங்கம் நடத்திய பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக, வடக்கு ஜன்னலோரம், ஒரே மேசையில் இருந்தார். துணிப்பையில் அரைக் கிலோ மண் வந்தால் அதை நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் தட்டிச் சலித்து, கரைசல் ஊற்றி அரை மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, அதில் சொட்டு மருந்துகளை விட்டு எவ்வளவு நீலம் ஏறுகிறது என்று கருவியில் பார்ப்பார். நீலம் கூடக் கூட மண்ணில் மணிச்சத்து அதிகம் என்று அர்த்தம். ஏக்கருக்கு நாலு கிலோவுக்குக் கீழே இருந்தால் பயிர் உரத்துக்கு ஏங்கும். ஒன்பதுக்கு மேலே இருந்தால் எவ்வளவு கொட்டினாலும் கண்டுகொள்ளாது. கடைசியில் ஓர் அட்டையில், இத்தனை கிலோ இந்த உரம் போடு, இத்தனை மூட்டை கூடக் கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். எது கேட்டாலும் கிலோவில் பதில் சொல்வதால் ஊரில் அவருக்குக் கிலோக்காரர் என்று பெயர்.

அவருக்கு ஒரு நியமம் இருந்தது. தினமும் முதல் வேலையாக, மண்ணே போடாமல், மற்ற எல்லாவற்றையும் போட்டு ஒரு குடுவை தயார் செய்வார். கூடத்தில் அதைப் பிளாங்க் என்பார்கள். மண் இல்லாத குடுவையில் நீலம் வரக்கூடாது. வந்தால் தண்ணீரிலோ கண்ணாடியிலோ மருந்திலோ அழுக்கு இருக்கிறது. அந்த அழுக்கை அன்றைக்குப் பார்த்த எல்லா மண்ணின் கணக்கிலிருந்தும் கழித்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஆய்வாளருடைய பிளாங்க் ஒருநாள்கூட நிறம் மாறியதில்லை. அது வெறும் தண்ணீர் மாதிரி நிற்பதைப் பார்ப்பதில் அவருக்கு ரகசியமான கர்வம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை சங்கக் கூட்டத்தில் பேசும்போது அவர் சொல்கிற நகைச்சுவையும் ஒன்றே ஒன்றுதான்: "தழைச்சத்து ஓடுகாலி, தண்ணியோட போயிடும். மணிச்சத்து அப்படி இல்லை. மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, உக்கார வச்ச இடத்தை விட்டு நகராது. அதனால விதைக்கும்போதே வேர் இருக்கிற ஆழத்துல கொண்டுபோய் உக்கார வைங்க. மேலாகத் தூவி ஒரு பிரயோஜனமும் இல்லை." ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். முன்வரிசையில் செருப்புக்கடைக்காரர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பார்.

மாமனாருக்கு மக்காச்சோளம் விளைகிற சின்ன வயல் ஒன்று இருந்தது. ஒரு விடுமுறை நாளில் குடும்பம் மொத்தமும் அங்கே கூடியிருந்தபோது, மண் மாதிரி எடுப்பது எப்படி என்று ஆய்வாளர் செய்து காட்டினார். வரப்போரம் கூடாது, மர நிழல் கூடாது, எருக் குவித்த இடம் கூடாது. குறுக்கும் மறுக்குமாக நடந்து பதினைந்து இடத்தில் வெட்டி, ஒரு விரல் கனம் சீவி எடுக்க வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் செருப்புக்கடைக்காரர். அன்றைக்கு அவர் போட்டிருந்தது கடைக்குப் புதிதாக வந்த ரகம். சேறு படக்கூடாது என்று கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எட்டாவது இடத்தில் வெட்டும்போது, வாளியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்து அவர் மனைவி, "என்னங்க, சாயம் எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டாள். பத்து நகமும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. மருத்துவர் இதயத்தைச் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். எட்டு நாள் கழித்து ஆய்வாளர் அட்டை கொண்டுவந்தார்: மணிச்சத்து குறைவு. அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தவர் மாமனார். மனிதர் அதிகம் பேசமாட்டார், ஆனால் எதையும் இரண்டு முறை பார்ப்பவர். அடுத்த வாரமே, "சின்ன மாப்பிள்ளை, செருப்பைக் கழட்டிட்டு அந்தப் பக்கத்து வயல்ல கொஞ்சம் நின்னுட்டு வாங்களேன்" என்றார். போனவர் முழங்கால் வரை மஞ்சளாகத் திரும்பி வந்தார். பக்கத்து வயல்காரர் தழைச்சத்து போட்டே இரண்டு வருஷமாகியிருந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை ஊர் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் யூரியா விலை இரண்டு தடவை ஏறியது, ஆற்றுப்பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்தது, செருப்புக்கடைக்காரர் நூற்றுப் பன்னிரண்டு வயல்களில் நின்றார். யாரிடமும் அவர் எதுவும் வாங்கவில்லை. ஆனால் வந்தவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிப் போனதால், பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துச் சுவரை இடித்துவிட்டார். பரிசோதனைக்கூடத்துக்குத் தினம் நாற்பது துணிப்பை வந்த இடத்தில் பதினைந்து வந்தது, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று என்று ஆனது. உலர்த்தும் தட்டுகளில் பூனை படுக்க ஆரம்பித்தது. மாமனார் வீட்டில் நாற்காலி முதலில் யாருக்குப் போடப்பட்டது என்பதை ஆய்வாளர் கவனித்தார். கவனிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டார்.

வீட்டில் மனைவி வேண்டுமென்று எதுவும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "தங்கச்சி வீட்டுக்காரர் கால் மணி நேரத்துல சொல்லிடறாராமே. உங்களுக்கு ஏன் எட்டு நாள் ஆகுது?" என்று, கடைக்குப் போய்வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி ஒருநாள் கேட்டாள்.

"அவன் சொல்றது பசிக்குதுன்னு மட்டும்தான். எவ்வளவு பசி, எவ்வளவு போட்டா வயிறு நிறையும்னு சொல்றது நான்" என்றார் ஆய்வாளர்.

"பசிக்குதுன்னு தெரிஞ்சாலே பாதிப் பேருக்குப் போதுமே" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவருக்கு வயிறு எரிந்தது. மருத்துவரிடம் போனார், வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருநாள் யாரும் இல்லாத தரிசு ஒன்றில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்தார். நகத்தைப் பார்த்தார், கைபேசியில் காது மடலைப் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு முள்ளும் இரண்டு நாள் ஜலதோஷமும்தான் மிச்சம். கழற்றி வைத்த செருப்புகூட சகலை கொடுத்தது. வருஷா வருஷம் ஒரு ஜோடி, அளவு கேட்காமலே சரியாக இருக்கும்.

எட்டு நாளை நாலு நாளாக்கினார், நாலை இரண்டாக்கினார். உலர்த்துவதற்கு மின்விசிறி வைத்தார். குலுக்கும் நேரத்தில் கை வைக்க மனம் வரவில்லை. வேறு எதைக் குறைக்கலாம் என்று தேடியபோது பிளாங்க் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஒன்றும் சொல்லாத குடுவைக்குத் தினம் ஒரு மணி நேரம் எதற்கு? ஒரு திங்கட்கிழமை அதை விட்டுவிட்டார். அதன் பிறகு வந்த நாலு மாதத்தில் அறுபத்தொரு அட்டைகள் எழுதினார். பெரும்பாலான அட்டைகளில் மணிச்சத்து நிறைய இருப்பதாக வந்தது. ஊர் மண் தேறிவிட்டதே என்று ஆச்சரியப்பட்டார். சகலை ஊதா நகத்தோடு திரும்பிய வயல்களிலும் அட்டை போதும் போதும் என்றது. அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பேச்சு சங்கத்துக்குப் போயிற்று. அட்டை ஒன்று சொல்ல, நகம் இன்னொன்று சொன்னால் யாரை நம்புவது? சங்கச் செயலாளர் எதையும் வாக்கெடுப்புக்கு விடுகிற ஆள். மாமனார் வயலிலேயே ஒரு பரீட்சை வைப்பது, தோற்றது கூடம் என்றால் பூட்டிவிட்டு அந்தக் கட்டடத்தை விதைக் கிடங்காக்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆய்வாளர் அந்த வயலின் மண்ணை மறுபடி எடுத்துப் பார்த்தார்: ஏக்கருக்குப் பதினொரு கிலோ. மணிச்சத்து உரம் போடத் தேவையில்லை, போட்டாலும் ஒரு கதிர்கூடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். செருப்புக்கடைக்காரர் இறங்கி நின்று, ஊதா நகங்களைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, "போட்டாகணும். எவ்வளவுன்னு கேக்காதீங்க, அது சகலைக்குத்தான் தெரியும்" என்றார். கேலி செய்கிறாரா என்று ஆய்வாளர் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயலை நாலு பட்டைகளாகப் பிரித்தார்கள். முதல் பட்டைக்கு மணிச்சத்து கிடையாது; இரண்டாவதற்குப் பாதி அளவு, மூன்றாவதற்கு முழு அளவு, நாலாவதற்கு இரட்டிப்பு. நாலும் ஒரே மாதிரி விளைந்தால் அட்டை ஜெயித்தது. முதல் பட்டை மட்டும் பின்தங்கினால் நகம் ஜெயித்தது.

விதைத்த ஐந்தாவது வாரம் ஆய்வாளர் பட்டைகளைப் பார்க்கப் போனார். முதல் பட்டையில் பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. இலைகளின் ஓரத்தில் ஊதா. அந்த ஊதாவை அவர் எங்கே பார்த்திருக்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூடத்துக்குத் திரும்பி, பையைக்கூட இறக்கி வைக்காமல், நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு பிளாங்க் போட்டார். சொட்டு மருந்து விட்ட பத்து நிமிஷத்தில் மண் போடாத குடுவை நீலமாயிற்று. நல்ல அடர் நீலம், மை கொட்டிய மாதிரி. கருவியில் வைத்தால் ஏக்கருக்கு எட்டு கிலோ காட்டியது. பதினொன்றில் எட்டு போனால் மூன்று. மாமனார் மண் பசியில் இருந்தது. அறுபத்தொரு அட்டையும் தப்பு.

கண்ணாடி கழுவும் அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா அவருக்கு முன்பே கூடத்துக்கு வந்தவர், ஆய்வாளருடைய எல்லாக் குடுவைகளையும் பெயர் வைக்காத குறையாக அறிந்தவர்.

"சோப்புத்தூள் போட்டுக் கழுவினீங்களா? அதுல மணிச்சத்து இருக்கும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"சோப்பு போட்டா கை மணக்கும். இந்தாங்க, மோந்து பாருங்க."

முகர்ந்து பார்த்தார். குடுவை கழுவுகிற அமில வாடைதான் அடித்தது. புதுக் குடுவை, புது வடிதாள், புதிதாகக் காய்ச்சி வடித்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் மாற்றிச் செய்தார். மறுபடி எட்டு கிலோ. அந்த அம்மாவையே அதே சாமான்களை வைத்துச் செய்யச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த கை, சொட்டு தப்பாமல் செய்தது. குடுவை வெறும் தண்ணீராக நின்றது. இவர் செய்தால் நீலம், அவர் செய்தால் தெளிவு. ஆறு முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள்.

"சார், தப்பா நினைக்காதீங்க" என்றார் அந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே. "சாமான் ஒண்ணு, தண்ணி ஒண்ணு. எனக்கு உங்க சகலை மேல ஒண்ணும் இல்லை. அது ஒண்ணுதான் நம்ம ரெண்டு பேருக்கும் வித்தியாசம்."

ஆய்வாளர் மறுக்கவில்லை. அளவுகளை மதித்து வாழ்ந்தவருக்கு ஆறு முறை திரும்பி வந்த அளவோடு சண்டை போடத் தெரியாது. ஆனால் ஒத்துக்கொள்வது வேறு, வெளியே சொல்வது வேறு. அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பூட்டின கூடம், தட்டு தட்டாக அடுக்கிய விதை மூட்டை, இடித்த சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு நிற்கிற சகலை, எல்லாம் கண்முன் வந்தது. மூன்றாவது நாள், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த உச்சி வெயிலில், சூப்பர் பாஸ்பேட் என்கிற மணிச்சத்து உரத்தில் அரை மூட்டையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு மாமனார் வயலுக்குப் போனார். முதல் பட்டை நீளத்துக்கும் நடந்து நடந்து தூவினார். நாலு பட்டையிலும் உரம் விழுந்துவிட்டால் நாலும் ஒரே மாதிரி விளையும், அட்டை சொன்னது பலித்துவிடும். வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்த திருப்திகூட இருந்தது.

வாரா வாரம் செருப்புக்கடைக்காரர் வந்து ஒவ்வொரு பட்டையிலும் நின்று காட்ட வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு. அந்த வாரம் வந்து முதல் பட்டையில் நின்றார். ஆய்வாளர் வரப்பில் குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. நகங்கள் எப்போதும் போல ஊதாவாயின. செருப்புக்கடைக்காரர் ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். அது மட்டும் குழந்தையின் பாதம் மாதிரி ரோஜா நிறத்தில், போஷாக்காக இருந்தது. குனிந்து மண்ணைக் கிளறி, சாம்பல் நிறக் குருணை ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு வரப்புக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"என்ன சகலை, மாப்பிள்ளையை உள்ளே கூப்பிடாம வாசல்லயே உக்கார வச்சுட்டீங்க போல."

ஆய்வாளர் குடையை மடக்கினார். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்குச் சொன்ன ஒரே பாடம். மேலாகத் தூவினால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்; ஒரு விரற்கடை கீழே இருக்கிற வேருக்கு அது விழுந்ததே தெரியாது. விதை போடுகிற எந்த ஆளும் செய்யாத தப்பை அவர் செய்திருந்தார்.

"யார்கிட்டயாவது சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார்.

"எதை? குருணையையா? காக்கா போட்டிருக்கும்" என்றார் செருப்புக்கடைக்காரர். "எனக்கு இந்தக் கூடம் வேணும் சகலை. எல்லாரும் எத்தனை கிலோன்னு கேக்கறாங்க. நான் நல்லா போடுங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன். போன வருஷம் நல்லா போட்டவங்க வயல்ல இந்த வருஷம் நின்னா கையெல்லாம் துருப் புள்ளி. அது ஏன்?"

"மணிச்சத்து அளவுக்கு மீறிப் போனா துத்தநாகத்தை எடுக்க விடாது" என்றார் ஆய்வாளர், பழக்கத்தில்.

"பாருங்க. இது எனக்கு எங்கே தெரியும்?" பை ஒன்றை நீட்டினார். "இந்தாங்க, இந்த வருஷ ஜோடி. பழசுல இடது குதி தேஞ்சிருக்கு, அன்னைக்கே பார்த்தேன்."

அதுவரை சகலையின் கால்கள்மேல் மட்டும் இருந்த பொறாமை, அன்றிலிருந்து குணத்தின் மேலும் படர்ந்தது. கூடத்துக்கு வந்து பிளாங்க் போட்டுப் பார்த்தார்: ஒன்பது கிலோ. பிறகு ஒரு புது அட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அறுவடைக்கு ஆறு வாரம் முன்பு சங்கக் கூட்டத்தில் அந்த அட்டையைக் கொடுத்தார். செயலாளர் உரக்கப் படித்தார். "மாமனார் வயல். முன்பு காட்டிய மணிச்சத்து ஏக்கருக்குப் பதினொரு கிலோ. கழிவு எட்டு. உண்மையில் இருப்பது மூன்று. உரத்துக்கு ஏங்குகிற மண். முதல் பட்டை நாலு மூட்டை தரும். பாதி அளவு போட்ட பட்டை ஏழு தரும். அதற்கு மேல் போட்டதெல்லாம் வீண். முதல் பட்டையில் பின்னால் தூவப்பட்ட அரை மூட்டை என்னுடையது; அதனால் விளைச்சல் மாறாது." செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "கழிவுன்னு போட்டிருக்கே, அதுக்குக் காரணம்னு இந்த இடத்துல ஆய்வாளரின் பொறாமைன்னு எழுதியிருக்கு. எழுத்துப் பிழையா?"

"இல்லை" என்றார் ஆய்வாளர். "அளந்ததுதான்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எட்டு கிலோ என்பது நிறையவா குறைவா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். ஒரு ஆளுக்கு அது அதிகம்தான் என்று இன்னொருவர் சொன்னார். அது அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

அறுபத்தொரு வீட்டுக்கும் சைக்கிளில் போய் அட்டையை மாற்றிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு பேர் இன்னும் விதைக்கவில்லை. பத்தொன்பது பேர் விதைத்துவிட்டிருந்தார்கள். அவர்களுடைய பயிர் அந்தப் போகம் குட்டையாகவே நின்றது. அவர்களில் சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிலோக்காரரே, ஏக்கருக்கு எட்டு கிலோ பொறாமையைக் குடுவையில ஏன் போட்டீங்க? என் வயல்ல போட்டிருந்தா விளைஞ்சிருக்குமே" என்றார். ஆய்வாளர் அந்த வீட்டு வாசலில் நின்றபடி, அது சரிதான் என்று ஒத்துக்கொண்டார்.

அறுவடையில் முதல் பட்டை நாலு மூட்டை கொடுத்தது. பாதி அளவு போட்டது ஏழு, முழு அளவு ஏழே கால், இரட்டிப்பு போட்டது ஏழுக்குக் கொஞ்சம் குறைச்சல். பசி இருந்ததை நகம் சொன்னது, அது எவ்வளவு என்பதைத் திருத்திய அட்டை சொன்னது. செயலாளர் வாக்கெடுப்புக்கு விட்டார். கூடம் இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் பிளாங்க் போடாத அட்டை செல்லாது என்றும், ஆய்வாளரின் பிளாங்கை ஆய்வாளரே போட வேண்டும் என்றும் இரண்டு நிபந்தனைகள் சேர்த்தார்கள். அன்றைக்குத் தன் வீட்டில் நாற்காலி போட வந்த மாமனார், இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து ஒரே நேரத்தில் இறக்கினார். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி, "எட்டு கிலோவா?" என்று மட்டும் கேட்டாள். "இப்ப ஒன்பது" என்றார். அவள் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. சந்தேகமான வயலில் முதலில் செருப்புக்கடைக்காரர் நிற்பார், எது குறைகிறது என்று பார்த்து ஒரு சீட்டில் எழுதித் துணிப்பைக்குள் போடுவார். எத்தனை கிலோ என்பதை ஆய்வாளர் சொல்வார். செருப்புக்கடைக்காரரால் ஒரு நாளைக்கு நாலு வயலுக்கு மேல் நிற்க முடியாது, பசி தாங்காது. துணிப்பைகள் மறுபடி நாற்பதாயின. கூடத்துப் பதிவேட்டில் ஆய்வாளர் கழிவு என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. தினமும் காலையில் அதை நிரப்பிவிட்டுத்தான் மற்ற வேலை. எண் ஏறியும் இறங்கியும் வந்தது. சகலையின் மகள் முதல் மதிப்பெண் வாங்கிய வருஷம் பத்து. சகலைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது, போட்டிக்கு ஆளில்லாத அந்த மூன்று மாதமும் இரண்டு. எழுந்து நடந்த வாரம் ஐந்து. மேலிடத்திலிருந்து தணிக்கைக்கு வந்த அதிகாரி அந்தக் கட்டம் என்னவென்று கேட்டார், சொன்னார்கள், தன் கையாலும் ஒரு பிளாங்க் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றரை கிலோ வந்தது. யார்மேல் என்று யாரும் கேட்கவில்லை. அவர் எண்ணைக் கழித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் எல்லாப் பரிசோதனைக்கூடங்களின் படிவத்திலும் அந்தக் கட்டம் அச்சாகி வந்தது.

ஆய்வாளர் ஓய்வு பெற்ற நாளில் கடைசியாக எடுத்துக்கொண்டது மாமனார் வயல் மண். மாமனார் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயல் இப்போது அக்கா தங்கை இரண்டு பேருக்கும் பொது. அழைத்துப்போக வந்த செருப்புக்கடைக்காரர், செருப்போடு உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மண் போடாத குடுவையை உயர்த்திப் பார்த்தார். தண்ணீர்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்தால், அடியில், விடிகாலை வானம் மாதிரி மெல்லிய நீலம் தெரிந்தது.

"இன்னும் ஒரு கிலோ இருக்கும் போல, சகலை."

"ஒண்ணே கால்" என்றார் ஆய்வாளர்.

"போகாதா அது?"

"போட்ட இடத்துல உக்காந்திருக்கும். நீங்க வேற வருஷா வருஷம் அளவு கேக்காம செருப்பு கொண்டுவந்து குடுக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் ஒண்ணே காலைக் கழித்து, மீதியை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதின கிலோ சரியாக இருந்தது. அந்தப் போகம் வயல் அட்டை சொன்ன அளவில் விளைந்தது.